திருப்பினார்கள் என்று எழுதியிருக்க வேண்டும்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊருக்காக ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினேன். அதில் ஒரு வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டுவிட்டேன். எழுத்துப்பிழை கிடையாது, இலக்கணப் பிழையும் கிடையாது. என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனாலும் தப்பு. இன்று வரைக்கும் அந்தச் சொல் என்னை விட்டபாடில்லை.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் மிஸ். திருச்சுழிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அப்பா பாதி வயது வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். பிறகு அவரும் சித்தப்பாவும் சேர்ந்து கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர் வாங்கினார்கள். அப்பா இறந்த பிறகு அதைச் சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார். என் தம்பிக்கு ஊருக்கு மேற்கே வந்திருக்கும் சோலார் கம்பெனியில் வேலை. வெயில் ஏறுவதற்கு முன்னால் பேனல்களைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தம்பியின் வேலையைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் புரட்டாசியில் கம்பெனி தன் லாரிகள் போவதற்காக ஒரு கிராவல் ரோடு போட்டது. ரோடு எங்கள் வரத்துக்காலின் குறுக்கே போனது. மேட்டுக்காட்டில் விழும் மழைத்தண்ணீரையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து கண்மாயில் சேர்ப்பது அந்த வரத்துக்கால்தான். குழாய் புதைத்து அதன்மேல் ரோடு போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவர்கள் வரத்துக்காலை மண் போட்டு மூடினார்கள். ரோட்டோரமாகவே புதிதாக ஒரு பள்ளம் வெட்டி, தண்ணீரைத் தெற்கே ஓடையில் விட்டுவிட்டார்கள். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்கு முன்னால் சரி செய்துவிடுவார்கள் என்று நினைத்தோம்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. அப்படி ஒரு மழைக்குக் கண்மாய் பாதியாவது நிறைந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் மடைக்குப் பக்கத்தில் கெண்டைக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. மேற்கே நடந்து போனவர்கள், செந்தண்ணீர் ரோட்டோரப் பள்ளத்தில் நுரை தள்ளிக்கொண்டு ஓடைக்குப் போவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஓடையில் விழுந்தால் அது எங்களுக்கு இல்லை. எங்கேயோ கடலுக்குப் போகும்.

கம்பெனி கேட்டில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன், "சாருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீசுல எழுதிக் குடுங்க, நான் சேத்துடுறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா நாலைந்து பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தாயி, நீ உக்காந்து ஒரு மனு எழுது. கம்பெனிக்கு ஒண்ணு, தாலுகா ஆபீசுக்கு ஒண்ணு. நல்லா உறைக்கிற மாதிரி எழுது."

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "தண்ணியை என்ன செஞ்சாங்கன்னு சரியாச் சொல்லுங்க சித்தப்பா" என்றேன்.

"மறிச்சுட்டாங்க" என்றார் ஒருவர்.

"மறிச்சது மட்டுமா? திருப்பி விட்டுட்டாங்கள்ல" என்றார் இன்னொருவர்.

"பள்ளம் வெட்டி ஓடையில விட்டுட்டாங்கன்னு போடுங்க டீச்சர்."

சித்தப்பா கையமர்த்தினார். "எதையாவது போடட்டும்ப்பா. நமக்கு வர்ற தண்ணியை நமக்கு இல்லாம ஆக்கிட்டாங்க. அதுக்கு இங்கிலீசுல என்ன உண்டோ, அதைப் போடு தாயி."

அதற்கு ஆங்கிலத்தில் சொல் உண்டு. டைவர்ட். முதலில் என் மனதில் வந்ததும் அதுதான். ஆனால் அந்தச் சொல் வந்ததுமே காரியாபட்டி பக்கம் நாலுவழிச் சாலையில் பாலம் கட்டியபோது வைத்திருந்த ‘டைவர்ஷன்’ மஞ்சள் போர்டு ஞாபகத்துக்கு வந்தது. அதில் எழுத்துகூடத் தப்பாக இருந்தது. மனுவில் எழுதும் சொல்லா இது என்று தோன்றியது. ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் படித்த படிப்பு அந்த மனுவில் தெரிய வேண்டாமா?

போனில் அகராதியைத் திறந்து அந்த வகைச் சொற்களைத் தேடினேன். வரிசையாக வந்தன. டைரக்ட் என்றால் ஒரு பக்கமாகச் செலுத்துவது. கைட் என்றால் வழிகாட்டிக் கொண்டுபோவது. ஃபனல் என்றால் புனல் வைத்து ஊற்றுவதுபோல ஒடுக்கி அனுப்புவது. கன்வே என்றால் கொண்டு சேர்ப்பது. நடுவில் சேனல் இருந்தது. பெயராக வந்தால் வாய்க்கால், வினையாக வந்தால் வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோவது. வாய்க்காலைப் பற்றிய மனுவில் வாய்க்காலே வினையாக வந்தால் எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு ஒரே பெருமை. அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சொல்லை நடத்தியிருந்தேன். உங்கள் சக்தியை நல்ல வழியில் சேனல் செய்யுங்கள் என்று கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதிப்போட்டு, இருபத்தெட்டுப் பிள்ளைகளையும் ஐந்து தடவை எழுதச் சொல்லியிருந்தேன்.

ஆக, மனுவின் இரண்டாவது பத்தியில், எங்கள் வரத்துக்காலின் நீரைக் கம்பெனியார் ஒரு புதிய வடிகால் மூலம் ஓடைக்குச் சேனல் செய்துள்ளார்கள் என்று எழுதினேன். கடைசியில், இதனால் ஊருக்குச் சிரமம், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடித்தேன். எல்லோருக்கும் தமிழில் படித்துச் சொன்னேன். தமிழில் சொன்னபோது எனக்கே தெரியாமல் "திருப்பி விட்டுள்ளார்கள்" என்றுதான் சொன்னேன். அவர்கள் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். சித்தப்பாவுக்குக் கையெழுத்து வரும். மூன்று பேர் கைநாட்டு வைத்தார்கள்.

பதில் வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. ஒரே உறையில் இரண்டு தாள். ஒன்று கம்பெனி எழுதியது, மற்றொன்று அதை ஏற்றுக்கொண்டு ஆபீஸ் எழுதியது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றபடியே படித்தேன். மனுதாரர்களே தெரிவித்துள்ளபடி மழைநீர் புதிய வடிகால் மூலம் முறையாகச் சேனல் செய்யப்பட்டுள்ளது, நீர் எங்கும் தேங்கவில்லை, ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது.

என் சொல்லை எடுத்து, முன்னால் "முறையாக" என்று ஒன்றைச் சேர்த்து, எனக்கே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்குள் அந்த "முறையாக" ஏற்கெனவே இருந்தது. டைவர்ட் என்றால் போகவேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் வேறு பக்கம் விலக்குவது. சேனல் என்றால் போகவேண்டிய இடத்துக்கு ஒழுங்காகக் கொண்டுபோவது. இரண்டையும் ஒரே பட்டியலில் ஒன்றுக்கொன்று பதிலாகப் போடலாம் என்பதுபோல அகராதி காட்டியது. போடக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்?

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்து, "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். "முடியாதுன்னு எழுதியிருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் கம்பெனிக்காரர்களைத் திட்டிவிட்டுப் போனார். வசவு அங்கே போய்ச் சேர்ந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியம் என்னை மேலும் எரிச்சல்படுத்தியது.

ஆனால் கம்பெனியில் அந்தப் பதில் காகிதத்தை வாட்ச்மேன் படித்திருக்கிறார், அல்லது வேறு யாரோ படித்திருக்கிறார்கள். நாலு நாள் கழித்துப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த எங்கள் தெரு அக்கா ஒருத்தி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏத்தா, ஒன் தம்பிக்கு அங்க வேலை இருக்குல்ல, அதனால நீ பதனமா, பட்டும்படாம எழுதிட்டேன்னு ஊருல பேசிக்கிறாக. எனக்குத் தெரியாதும்மா. பேசுறதைச் சொன்னேன்."

"யாரு பேசுறா?"

"எல்லாருந்தான்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. தம்பிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், வந்து முகத்தைப் பார்த்துக் கேட்கச் சொல் என்று அந்தப் பஸ்ஸிலேயே கத்தினேன். அவள் அடுத்த நிறுத்தத்தில் வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். பந்தல்குடி தாண்டுவதற்குள் என் கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நான் திரும்ப நினைத்துப் பார்த்தேன். தம்பி அப்போது உள்ளே சட்டினி அரைக்கும் அம்மாவுக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவன் உள்ளே இருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. டைவர்ட் என்ற சொல்லில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. சேனலில் இல்லை. அது நயமாக இருக்கிறது என்று நான் எடுத்தேனா, உறைக்காமல் இருக்கிறது என்று எடுத்தேனா? அன்றைக்குப் படிப்பைக் காட்டத்தான் எடுத்தேன் என்று சத்தியம் செய்வேன். ஆனாலும் முழுக்கச் சத்தியம் செய்ய முடியவில்லை.

மார்கழிப் பிறப்புக்குச் சித்தப்பாவைத் தேடி வயலுக்குப் போனேன். நெற்பயிர் கதிர் தள்ளுவதற்கு முன் பொதிகட்டும் நேரம். அடித்தாள் மஞ்சளாகி, நிலம் வெடித்துக் கிடந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கேட்டு முடித்ததும் சித்தப்பா, "அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?" என்றார்.

"ஒழுங்கா வாய்க்கா வெட்டிக் கொண்டுபோறது சித்தப்பா."

"ஒழுங்காத்தான் கொண்டுபோயிருக்கான், ஓடைக்கு." சிரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது, சிரிப்பு இல்லை. "நீ அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே மறு மனு போட்டிருக்கலாமே தாயி. ஒரு மாசமா எதுக்கு மூடி வச்சிருந்த?"

சொல் தப்பியதை அவர் ஒன்றுமே சொல்லவில்லை. மூடி வைத்ததைத்தான் கேட்டார்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் அம்மா எங்கள் கோப்பைத் தேடி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

"நீங்களே நல்லா விட்டிருக்காங்கன்னு எழுதிக் குடுத்திட்டு, இப்ப வந்து இல்லைன்னா எப்படிம்மா?"

"மேடம், ஒரு சொல்லுதான் மாறிப்போச்சு. கீழ படிங்க, ஊருக்குச் சிரமம்னு எழுதியிருக்கேன். சிரமம்னா என்ன அர்த்தம்? நல்லா விட்டிருந்தா எதுக்கு மனுக் குடுக்கிறோம்?"

"எனக்குப் புரியுதும்மா. பைல்ல என்ன இருக்கோ, அதைத்தான நாங்க பாக்க முடியும்? நீங்க எதுக்கு இங்கிலீசுல எழுதுனீங்க? எங்களுக்குத் தமிழ்லயே குடுத்திருக்கலாமே."

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பெனிக்குத்தான் ஆங்கிலம் தேவைப்பட்டது. ஆபீசுக்கு அதே தாளின் நகலைக் கொடுத்தது சோம்பல். இரண்டாவதாக ஒன்று தமிழில் எழுத எனக்கு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. சித்தப்பா என் தோளைத் தொட்டு, "வா, அந்த ஆளையே பாத்துட்டுப் போவோம்" என்றார்.

கம்பெனியின் சைட் இன்ஜினீயர் ஒடிசாக்காரர். முப்பது வயது இருக்கும். தகரக் கொட்டகையில் ஃபேன் சுற்ற உட்கார்ந்திருந்தார். மரியாதையாக நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். கெட்ட ஆள் என்று சொல்ல முடியவில்லை, அதுவே எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆங்கிலத்தில்தான் பேசினோம். இருவருக்கும் அது கடன் வாங்கிய மொழி.

வரத்துக்காலை டைவர்ட் செய்திருக்கிறீர்கள் என்று இந்த முறை சரியாகச் சொன்னேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "மேடம், அந்தச் சொல் வேண்டாம். அது சட்டத்தில் வரும் சொல். நாங்கள் டைவர்ட் எதுவும் செய்யவில்லை. நீங்கள் முதலில் எழுதியதுதான் சரி. சேனல் என்றே இருக்கட்டும்."

அவர் தலைக்கு மேலே பார்த்தேன். சுவரில் சைட் வரைபடம் ஒட்டியிருந்தது. பேனல் வரிசைகள், வேலி, ரோடு. ரோடு வரத்துக்காலை வெட்டும் இடத்தில் நீலக்கோடு ஒடிந்து தெற்கே திரும்பியது. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: நாலா டைவர்ஷன். வாய்க்காலுக்கு அவர்கள் ஊரில் நாலா என்று பெயராம்.

எழுந்து போய் அந்த இடத்தில் விரலை வைத்தேன். "இதை யார் எழுதியது?"

அவர் பார்த்தார். முகம் சிவந்தது. "அது டிராயிங்கில் போடும் சொல் மேடம். டெக்னிக்கல்."

"என்ன சொல்றான்?" என்றார் சித்தப்பா.

"அவுக படத்துலயே திருப்பி விட்டதுன்னுதான் எழுதியிருக்காக சித்தப்பா. நாம எழுதக் கூடாதாம்."

சித்தப்பா அந்த நீலக்கோட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு இன்ஜினீயரைப் பார்த்து, தமிழிலேயே, "தம்பி, ஒங்க ஊர்லயும் வயக்காடு உண்டுல்ல?" என்று கேட்டார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர், மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன், குழாய் வைக்கச் சொல்கிறேன், ஆனால் எழுத்தில் எதுவும் தர முடியாது என்றார்.

அன்று மாலையே இரண்டாவது மனுவைத் தமிழில் எழுதினேன். வரத்துக்காலை மண் போட்டு மறித்து, பள்ளம் வெட்டி, எங்கள் கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீரை ஓடைக்குத் திருப்பி விட்டுள்ளார்கள். கம்பெனியின் வரைபடத்திலேயே இது திருப்பி விடப்பட்டதாகக் குறிக்கப்பட்டுள்ளது. அன்றைக்கு வீட்டில் வந்து உட்கார்ந்தவர்கள் சொன்ன சொற்களைத்தான் எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இம்முறை கையெழுத்துக்குப் போனபோது இரண்டு பேர் தாளை வாங்கித் தங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட்டார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். தம்பியும் கையெழுத்துப் போட்டான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வேலை போகவில்லை. ஆனால் அதன் பிறகு ஊரில் யாரும் அவனிடம் இதைப் பற்றிக் கேட்பதில்லை. அவனும் என்னிடம் பேசுவதில்லை, இதைப் பற்றி மட்டும்.

ஆபீசிலிருந்து தை மாதம் பார்வையிட வந்தார்கள். அதற்குள் சித்தப்பா பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டார். நெல்மணி பிடிக்காத கதிர், மாடுகூட அரைமனதாகத்தான் தின்றது. மாசியில் ரோட்டை வெட்டி இரண்டு சிமெண்ட் குழாய் வைத்தார்கள். ஊரே போய் வேடிக்கை பார்த்தது. சிலர் என்னைப் பார்த்து, "பரவாயில்ல மிஸ்ஸு" என்றார்கள். அந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த ஐப்பசி மழையில்தான் தெரிந்தது, குழாய்களை வரத்துக்காலின் தரைக்கு ஒன்றரை அடி மேலே வைத்திருக்கிறார்கள் என்று. ஒன்றரை அடிக்குத் தண்ணீர் ஏறினால்தான் குழாய்க்குள் போகும். அதற்கு முன்னாலேயே அது பள்ளத்தின் வழியாக ஓடைக்குப் போய்விடுகிறது, ஏனென்றால் பள்ளத்தை யாரும் மூடவில்லை. பெருமழை பெய்தால் எங்களுக்குக் கொஞ்சம் வருகிறது. எங்கள் பக்கம் பெருமழை எத்தனை தடவை பெய்யும்? ஊர்க்காரர்களே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தை அடைத்தார்கள். இரண்டே நாளில் ஜேசிபி வந்து திறந்துவிட்டது. ரோடு அரித்துப் போகும் என்றார்களாம். அந்த ஒடிசாக்காரர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், குழாய் வைத்தாகிவிட்டதே, பிறகு என்ன என்று கேட்டாராம்.

போன ஆவணியில் டேப் எடுத்துக்கொண்டு நானும் சித்தப்பாவும் போய் அளந்தோம். அவர் குழாயின் அடியில் உட்கார்ந்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார், நான் அளவைக் குறித்தேன். மூன்றாவது மனுவை எழுதினேன். குழாயைத் தரைமட்டத்துக்கு இறக்க வேண்டும், பள்ளத்தை மூட வேண்டும். யார் படித்தாலும் வேறு அர்த்தம் வராது. நாலு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தேன்.

ஆபீசில் அந்தப் பழைய அம்மா இல்லை. மேஜையில் இருந்த பையன் தாளை வாங்கவே இல்லை. இப்போதெல்லாம் ஆன்லைனில்தான் பதிய வேண்டுமாம். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் பெயர், ஊர், சர்வே எண் எல்லாம் ஏற்றினேன். அதன் பிறகு குறையின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தண்ணீர் தேங்குதல் என்று இருந்தது. குடிநீர் வரவில்லை என்று இருந்தது. கழிவுநீர் அடைப்பு, தெருவிளக்கு, சாலைப் பழுது என்று இருந்தது. கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தேன், மேலே வந்து மறுபடி பார்த்தேன்.

"என்ன தாயி, எழுத எடமில்லையா?" என்றார் சித்தப்பா.

"இருக்கு சித்தப்பா. வகைதான் இல்லை."

வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. போனைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, கடைசி வரியில் இருந்த "மற்றவை" என்பதைத் தொட்டு, மனுவை அப்படியே தட்டி அனுப்பினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஓர் எண் வந்தது. ஐப்பசி பிறக்க இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.